கிள்ளான் சம்பந்தியும் கால் வளைஞ்ச புரோசசரும்

டேய் தினேஷ்,

ஒரே வீட்ல இருக்கிற மகனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானான்னு உங்க அம்மா சிரிக்கிறா. சிரிக்கட்டும். நேர்ல பேசினா பாதியில கத்திடுவேன். வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டா அதை நீ கிள்ளான்ல உன் வருங்கால மாமனார் வீட்ல உட்கார்ந்து ஸ்பீக்கர்ல கேப்ப. அதனாலதான் எழுதுறேன். காலையில பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல இறக்கி விட்டாச்சு, மத்தியானம் திரும்ப ஏத்துற வரைக்கும் எனக்கு வேலை இல்ல. ஸ்கூல் வேனை வழக்கமா நிறுத்துற மரத்தடியில நிறுத்திட்டு, ஸ்டியரிங் மேல ஒரு அட்டையை வச்சு எழுதிக்கிட்டு இருக்கேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

போன வாரம் சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்ட. "அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் நானும் யாழினியும் கிள்ளான்ல மாமா வீட்டு மாடியிலேயே இருந்துக்கவா? எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்கு." நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துன்னு அம்மாகிட்ட சொன்னேன். அன்னையிலேர்ந்து நீயும் திரும்பக் கேக்கல, நானும் வாயைத் திறக்கல. இத்தனூண்டு வீட்ல ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்காம ஒதுங்கி ஒதுங்கிப் போயிக்கிட்டு இருக்கோம். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. ஆனா எடுத்த எடுப்புல சொல்லிட மாட்டேன். முழுசாப் படி.

எனக்கு ஒரு சுலபமான வழி இருந்துச்சுடா. "வீட்டோட மாப்பிள்ளையாப் போறியா? சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? சுங்கை பூலோவுல இருக்கிற உன் பெரியப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" அப்படின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். சொந்தம் பூரா என் பக்கம் நின்னிருக்கும், நீயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லியிருப்ப. ரெண்டு நாளா அந்த வசனம் நாக்கு நுனியில நின்னுச்சு. ஆனா அது பொய். ஊரு என்ன பேசினா எனக்கு என்ன? உண்மை என்னன்னா எனக்குப் பொறாமை. உன் மாமனாராகப் போறாரே, அந்த மனுஷன் மேல. கொஞ்ச நஞ்சம் இல்ல, வயிறு எரியுற பொறாமை. இந்த வயசுல இதை எழுதும்போது கை கூசுது, ஆனா எழுதிட்டேன்.

நம்ம கதை எப்படி ஆரம்பிச்சதுன்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கிறேன், சொன்னா எனக்குக் கொஞ்சம் ஆறும். எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த காலத்துல உனக்கு காலேஜ் கிளாஸ் கம்ப்யூட்டர்ல நடந்துச்சு. நம்மகிட்ட இருந்த கம்ப்யூட்டர், லெக்சரர் வாயைத் திறந்தாலே நின்னுடும். பள்ளிக்கூடம் இல்லாததால வேனும் ஓடல. புதுசு வாங்க வழியே இல்ல. நீதான் சொன்ன, "அப்பா, புரோசசரை மட்டும் மாத்தினாப் போதும், ஆன்லைன்ல பழசு மலிவாக் கிடைக்குது"ன்னு. அது என்னடா புரோசசர்னு கேட்டேன். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரின்ன. மூளையை எவனாவது பழசா வாங்குவானாடான்னு கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரிச்ச. பார்சல் வந்துச்சு. உள்ள பிஸ்கட் அளவுல ஒரு சதுரம். அதைப் போட்டதும் செத்துக் கிடந்த பொட்டி எழுந்து ஓடுச்சு பாரு, நாம ரெண்டு பேரும் குதிச்ச குதியில கீழ் வீட்டு ஆன்டி துடைப்பத்தால சீலிங்கை இடிச்சாங்க.

அப்புறம் அதுவே நமக்குப் பைத்தியமாப் போச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நம்ம பிளாட்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு, என் வேன்ல வர்ற பிள்ளைங்களுக்குன்னு, பழைய புரோசசரை வாங்கி மலிவா கம்ப்யூட்டர் கட்டிக் குடுக்க ஆரம்பிச்சோம். சனிக்கிழமைன்னா அதான் வேலை. அம்மா சாப்பாட்டு மேசையை விட்டுக் குடுத்துட்டு, தட்டைக் கையில வச்சுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்து சாப்பிடுவா. நீ ஒரு தடவை சொல்லிக் குடுத்ததை நான் பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டேன். கடைசியில பொருள் எப்படி இருக்குன்னு சொல்றதுல உன்னைவிட என் கண்ணுதான் நல்ல கண்ணுன்னு நீயே சொன்ன. அந்த வார்த்தையை நான் மறக்கல. நீ மறந்திருக்கலாம்.

அந்தக் கண்ணு என்ன பாக்கும்னு எழுதி வைக்கிறேன், எங்க இருந்தாலும் உனக்கு உதவும். எல்லாரும் மேல் தகட்டைத்தான் பாக்குறாங்க, பளபளன்னு இருந்தா வாங்கிடுறாங்க. பளபளப்பைக் கண்டாதான்டா பயப்படணும். பழசு பழசு மாதிரி இருக்கணும். துடைச்ச கீறல் லேசா இருந்தா பரவால்ல. ஆனா தகடு பூரா ஒரே பக்கமாத் தேய்ச்ச வரி ஓடி, எழுத்து மட்டும் நேத்து வெட்டின மாதிரி இருந்தா, மட்டமான புரோசசரைத் தேய்ச்சுட்டு உசந்ததோட பேரை எழுதி விக்கிறான்னு அர்த்தம். அப்புறம் புரட்டணும். அடியில ஊசி ஊசியாக் கால் இருக்கிற வகைன்னா, கண்ணுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கணும். தோட்டத்து ரப்பர் மர நிரை மாதிரி, எந்தப் பக்கம் பாத்தாலும் நடுவுல சந்து நேராத் தெரியணும். ஒரு கால் சாஞ்சிருந்தாலும் அந்தச் சந்து அடைச்சுக்கும். சூடு தணிக்க மேல தடவுற வெள்ளைப் பசை கால் இடுக்குல அப்பியிருந்தா, முன்னாடி வச்சிருந்தவன் அவசரக்காரன்னு தெரிஞ்சுக்கணும்.

பொருளைப் பாக்குறதுக்கு முன்னாடி விக்கிறவனைப் பாக்கணும். நெட்லேர்ந்து எடுத்த படத்தைப் போட்டிருந்தா அப்படியே விட்டுடு. "பாஸ், ஒரு துண்டுப் பேப்பர்ல உங்க பேரையும் இன்னைக்குத் தேதியையும் எழுதி, பக்கத்துல வச்சு ஒரு படம் அனுப்புங்க"ன்னு கேளு. நல்லவன் உடனே அனுப்பிடுவான். கோவப்படுறவன்கிட்ட வாங்காத. ரிவ்யூ படிச்சா மூணு ஸ்டார் போட்டவன் எழுதினதைப் படி. அஞ்சு ஸ்டார் போட்டவன் பார்சலையே பிரிச்சிருக்க மாட்டான், ஒரு ஸ்டார் போட்டவன் பொண்டாட்டி மேல இருக்கிற கோவத்தைக் காட்டியிருப்பான். வந்ததும் மாட்டி, தகட்டுல இருக்கிற பேரும் திரையில வர்ற பேரும் ஒண்ணான்னு பாரு. மெமரி மாட்டுற எல்லா இடமும் வேலை செய்யுதான்னு பாரு. ஒரு மணி நேரம் நல்லா வேலை குடுத்து சூடு ஏறுதான்னு பாரு. புரோசசர் உழைச்சுச் சாகிறது அபூர்வம், ஆளுங்க கை பட்டுத்தான் சாகும். இதை நீதான் எனக்குச் சொன்ன.

இதுல எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு. பார்சலைப் பிரிக்கிறதை ஆரம்பத்துலேர்ந்து நிறுத்தாம வீடியோ எடுக்கணும். அந்த வீடியோ இல்லாட்டி, உள்ள செங்கல் துண்டு இருந்தாக்கூட எந்தச் செல்லரும் காசைத் திருப்பித் தர மாட்டான். நீ ரெண்டு கையாலயும் பிரிப்ப, நான் போனைப் பிடிச்சுக்கிட்டே பேசுவேன். "இன்னைக்குத் தேதி இது, பார்சல் நம்பர் இது, டேப் அப்படியே இருக்கு, பாத்துக்குங்க, இப்ப என் மகன் வெட்டுறான்." செல்லர் மலாய்க்காரரோ சீனரோ, நான் பாட்டுக்குத் தமிழ்லதான் பேசுவேன். "அப்பா, அவருக்குப் புரியாதுப்பா"ம்ப. "புரியாட்டி என்ன, பயம் வரும் லா"ம்பேன். அந்த வீடியோ ஒண்ணுலகூட என் மூஞ்சி இருக்காது. ஆனா எல்லாத்துலயும் நான் இருப்பேன்.

அப்புறம் யாழினி வந்தா. தங்கமான பொண்ணு, அவமேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவளுக்கு ஒரு அப்பா இருந்தாரு பாரு, அங்கதான் வினை. துறைமுகத்துல கிரேனுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் தவறிட்டாங்க, இவ ஒரே பொண்ணு. சரி, பாவம், நல்ல குடும்பம்னு சந்தோஷமாத்தான் இருந்தேன். அவருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சு மாட்டுற கிறுக்கு இருக்குன்னு நீ வந்து சொல்ற வரைக்கும். ஏசி ரூமாம். அதுக்குன்னு தனி மேசையாம். மைக்ரோஸ்கோப்பாம், அதை டிவியில மாட்டியிருக்காராம். நான் போன் டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கண்ணைச் சுருக்கிப் பாக்குற காலை, அவரு டிவியில விரல் தடிமனுக்குக் காட்டுறாராம். நீ ஒரு தடவை சொன்ன, சரி. தோசை சாப்பிடும்போது சொன்ன. வேன் கழுவும்போது சொன்ன. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில அப்பம் வாங்க நிக்கும்போதும் சொன்ன. இவன் யாழினியைக் கட்டிக்கப் போறானா, இல்ல அந்த மைக்ரோஸ்கோப்பைக் கட்டிக்கப் போறானான்னு அம்மாகிட்ட கேட்டேன்.

சனிக்கிழமை ஒண்ணு ஒண்ணாக் கிள்ளானுக்குப் போச்சு. "இந்த வாரம் மட்டும்பா"ன்னு சொல்லிட்டுப் போவ. ஒரு நாள் நம்ம குடும்ப குரூப்புல நீ ஒரு வீடியோ போட்ட, பார்சல் பிரிக்கிற வீடியோ. போனை யாரோ பிடிச்சிருக்காங்க, ஆட்டமே இல்ல. நான் பிடிச்சா ஆடும், எனக்குத் தெரியும். "மெதுவா மாப்பிள்ளை, ஓரம் பத்திரம்"னு ஒரு குரல். நீ நிமிந்து பாத்து சிரிக்கிற. அந்தச் சிரிப்பு இருக்கு பாரு, நம்ம மேசையில சிரிக்கிற அதே சிரிப்பு. அது என்கிட்ட மட்டும்தான் வரும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன், முட்டாள். வேனை ஓரமா நிறுத்திட்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். பின்னாடி ஒரு வாண்டு, "அங்கிள், ஸ்கூலுக்கு லேட்டு லா"ன்னு கத்துச்சு.

"ஏங்க, உங்களுக்குப் பொறாமைங்க," அப்படின்னு அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்கா, அந்த ஆள் மேலயான்னு குதிச்சேன். "பக்கத்து சீட்டுக்காரன் வேற சீட்டுக்குப் போயிட்டான்னு அழுற பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. நான் இத்தனை வருஷமா மேசை இல்லாம சாப்பிட்டேனே, எனக்கு வந்துச்சா பொறாமை?" அப்படின்னு ஒரு போடு போட்டா. அவளுக்கும் வந்திருக்கும்டா, அதையும் யோசிச்சுப் பாத்தேன்.

இப்ப நீ அறியாத கதைக்கு வரேன். யாழினியோட வீடியோ எடிட்டிங் வேலைக்கு, கல்யாணத்துக்குள்ள ஒரு நல்ல கம்ப்யூட்டர் கட்டித் தரணும், பெரிய புரோசசர் ஒண்ணு மலிவா மாட்டுதான்னு தேடிக்கிட்டு இருக்கேன்னு சொன்ன. அதோட விட்டியா? "மாமாவும் தேடிக்கிட்டு இருக்காரு"ன்னு சேத்துச் சொன்ன. அவ்வளவுதான், எனக்குப் பிடிச்சுக்கிச்சு. அவருக்கு முன்னாடி நான் பிடிக்கணும், அவரு வாங்கறதைவிட உசந்ததாப் பிடிக்கணும். பிள்ளைங்களுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் போனும் கையுமா இருந்தேன். மாட்டுச்சு ஒண்ணு. நீ தேடினதைவிட ஒரு படி மேல, விலையோ அடிமாட்டு விலை. படம் நெட்லேர்ந்து எடுத்ததுன்னு பாத்த உடனே தெரிஞ்சுச்சு. பேப்பர்ல பேரு எழுதி அனுப்பச் சொல்லிக் கேக்கல, கேட்டா வேற எவனுக்காவது வித்துடுவானோன்னு பயம். மூணு ஸ்டார் ரிவ்யூவைத் திறந்தேன், படிக்கப் பிடிக்கல, மூடிட்டேன். மேல நீட்டி முழக்கி எழுதினேனே, அதுல ஒண்ணைக்கூட நான் செய்யல. கண்ணு இருந்துச்சு, பொறாமை அதை மறைச்சுக்கிச்சு.

பார்சல் வந்தப்ப நீ வேலைக்குப் போயிருந்த, அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. ரகசியமா வாங்கின பொருளுக்கு யாரைக் கூப்பிட்டு போனைப் பிடிக்கச் சொல்றது? இத்தனை வருஷமா மத்தவன் பிரிக்க நான் எடுத்தவன், நான் பிரிக்க எடுக்க ஆள் இல்ல. பரவால்லன்னு வீடியோ இல்லாமயே கத்தியை வச்சேன். உள்ள பிளாஸ்டிக் பொட்டி இல்ல, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வச்சிருக்கான் படுபாவி. பிரிச்சேன். ஒரு மூலையில காலெல்லாம் புல்லு மாதிரி சாஞ்சு படுத்துக் கிடக்கு. செல்லருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பாஸ், வீடியோ புக்கா பார்சல் அடா?"ன்னு கேட்டான், பிரிச்ச வீடியோ இருக்கான்னு. இல்லைன்னேன். "தக் அடா, தக் போலே லா பாஸ்." வீடியோ இல்லாட்டி முடியாதாம், ஒரு ஸ்மைலி வேற. அவனைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. எத்தனை பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கேன்.

சரி, நிமித்திப் பாப்போம்னு உட்கார்ந்தேன். குச்சி போட்டு எழுதுற மெக்கானிக்கல் பென்சில்ல குச்சியை எடுத்துட்டு, அந்த ஓட்டைக்குள்ள காலை விட்டு மெல்ல மெல்ல நிமித்துறது, நீ சொல்லிக் குடுத்ததுதான். பாதிக்கு மேல நல்லா வந்துச்சு. வெளிய வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு, அம்மாவோன்னு பயந்து கையை வேகமா ஆட்டினேன், ஒரு கால் டக்குன்னு உடைஞ்சு பென்சிலுக்குள்ளேயே நின்னுடுச்சு. அம்மா இல்ல, பக்கத்து வீட்டு ஆளு. எனக்கு அழுகையே வந்துடுச்சுடா. கல்யாணத்துக்கு நான் குடுக்க நினைச்சது அது ஒண்ணுதான்.

சனிக்கிழமை நீயும் அம்மாவும் பத்திரிகை வைக்க சுங்கை பூலோ போனீங்க. இடுப்பு வலின்னு நான் வரலன்னேன். இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க கிளம்பினதும் நான் வேனை எடுத்துக்கிட்டு நேரா கிள்ளானுக்குப் போனேன். அந்த மைக்ரோஸ்கோப்பு இல்லாம வேற வழி இல்ல, எனக்குத் தெரிஞ்சு அது இருக்கிறது ஒரே வீட்லதான். வழி பூரா என்னை நானே திட்டிக்கிட்டுப் போனேன். அவ்வளவு பெரிய ஸ்கூல் வேன் வாசல்ல வந்து நின்னதும் மனுஷன் கைலியை இறக்கி விட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. "வாங்க வாங்க சம்பந்தி! ஒரு போன் பண்ணியிருந்தா சமைச்சு வச்சிருப்பேனே!" ஹால்ல டிவி காதைக் கிழிக்கிற மாதிரி ஓடுது, பாக்க ஆள் இல்ல. யாழினி வேலைக்குப் போயிருந்தா.

"என் வேன்ல வர்ற பிள்ளையோட அப்பா குடுத்தாரு சம்பந்தி, கால் வளைஞ்சிருக்காம்"னு கூசாமப் பொய் சொன்னேன். அவரு வாங்கி மைக்ரோஸ்கோப்புல வச்சாரு. டிவி பூரா காலு, ஒவ்வொண்ணும் தூண் மாதிரி. நிஜமாவே நல்ல சாமான்டா அது, பாத்ததும் இன்னும் எரிஞ்சுச்சு. "யாரோ பொறுமையா நிமித்தியிருக்காங்க சம்பந்தி, நல்ல கை. இந்த ஒண்ணுதான் போச்சு," அப்படின்னு நகத்தால காட்டினாரு. "பழைய உடைசல்னா வெட்டு கருத்திருக்கும். இது இன்னும் பளபளன்னு இருக்கு. உடைஞ்சு ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும்." சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துட்டு உடனே டிவி பக்கம் திரும்பிக்கிட்டு, "கோப்பி ஓ போடட்டுமா, பால் ஊத்தவா?"ன்னு கேட்டாரு.

கண்டுபிடிச்சுட்டாரு. கண்டுபிடிச்சதைக் காட்டிக்கவும் இல்ல. அங்கதான்டா எனக்குப் பொறுக்கல. "கோப்பி வேணாம் சம்பந்தி, நான்தான் உடைச்சேன்"னு கத்தினேன். "உங்களைவிடப் பெருசா ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்னு வாங்கினேன், ஏமாந்தேன், நானே உடைச்சேன். போதுமா? உங்ககிட்ட மைக்ரோஸ்கோப்பு இருக்கு, ஏசி ரூம் இருக்கு, எல்லா சனிக்கிழமையும் இருக்கு, இப்ப மாடி வீடும் இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரு மகன் சம்பந்தி. அவனையும் நீங்களே வச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" சம்பந்தி வீட்டு நடு ரூம்ல நின்னுக்கிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி, மாப்பிள்ளையோட அப்பன் பேசுற பேச்சாடா இது? பேசிட்டேன்.

அவரு ஹாலுக்குப் போய் டிவியை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தாரு. அணைச்சதும் அந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. "மாடியில இருக்கச் சொல்லி நான்தான் கேட்டேன் சம்பந்தி," அப்படின்னாரு. "பிள்ளைங்க கேக்கல. அவங்க உங்க பக்கத்துலேயே, பிரிக்ஃபீல்ட்ஸ்லதான் வாடகைக்கு வீடு பாத்து வச்சிருந்தாங்க. இவ அம்மா போனதுக்கு அப்புறம் நான் இந்த வீட்ல தனியாப் படுத்ததே இல்ல. இவளும் போயிட்டா எப்படி இருப்பேன்னு தெரியல. வெக்கத்தை விட்டு மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். அழுதுட்டேன். நான் அழுதது உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் தெரிய வேணாம், அசிங்கமா இருக்கும்னு கேட்டுக்கிட்டேன்." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "மாப்பிள்ளை உங்ககிட்ட எப்படிக் கேட்டாரு சம்பந்தி?"

"எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்கு"ன்னுதான் கேட்டான்னு சொன்னேன். அவரு கைலி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

நாங்க ரெண்டு பேரும் அப்புறம் கோப்பி குடிச்சோம். அந்தப் புரோசசரை அவரோட பழைய போர்டுல மாட்டிப் பாத்தோம். ஓடுது, ஆனா மெமரி போடுற இடத்துல பாதி எடுக்கல, உடைஞ்ச கால் அதுக்கு உண்டானதாம். வேற ஒரு காலை ஒட்டிப் பாக்கவான்னு கேட்டாரு, வேணாம்னுட்டேன். அது என் வேன் டிராயர்ல இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ, யாழினிகிட்ட மட்டும் நான் குடுத்த பரிசுன்னு சொல்லிக் காட்டாத.

திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில ஒரே ஜாம். நல்லா யோசிக்க நேரம் கிடைச்சுது. பொண்டாட்டி வீட்டு மாடிக்கு ஆசைப்பட்டவன்னு நான் உன்னை நினைச்சாலும் பரவால்லன்னு விட்டுட்டு, அந்த மனுஷனோட மானத்தைக் காப்பாத்தியிருக்க. யாருகிட்டேர்ந்து? பெத்த அப்பன்கிட்டேர்ந்து. ஒரு வாரமா நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன், அப்பவும் நீ வாயைத் திறக்கல. பெருமையா இருந்துச்சுடா. என் மகன் இப்படி ஒரு ஆளான்னு ஸ்டியரிங்கைத் தட்டிக்கிட்டேன். அந்தப் பெருமையோட ஒட்டிக்கிட்டே பொறாமையும் வந்துச்சு, அதையும் மறைக்க மாட்டேன். எனக்காக நீ இப்படி எதையாவது மறைச்சிருக்கியான்னு யோசிச்சேன். மறைச்சிருப்ப. நல்லாவே மறைச்சிருப்ப, அதான் எனக்குத் தெரியல.

அதனால என் பதில், போங்க. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் கிள்ளான் மாடிக்கே போங்க. வீட்டோட மாப்பிள்ளைன்னு எவனாவது வாயைத் திறந்தா என்கிட்ட அனுப்பு, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். சுங்கை பூலோ பெரியப்பாகிட்ட நானே பேசிக்கிறேன், நீ அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்க வேணாம். நீங்க அங்க போறதை அம்மாவுக்கும் சொல்லிட்டேன், அவரு அழுததை மட்டும் சொல்லல. தீபாவளிக்கு எந்த வீட்லன்னு கேட்டா. அதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க, என்னை இழுக்காதீங்க.

பொறாமை போயிடுச்சான்னு கேக்காத. போகல. அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும். சண்டை போட்டு உன்னை இழுத்துக்கிட்டு வந்திருப்பேன். நல்ல மனுஷனாப் போயிட்டாரு, நான் என்ன செய்ய? உன்னை நல்லாப் பாத்துக்குவாரு. நேரத்துக்குச் சாப்பிட வைப்பாரு, உடம்பு சரியில்லன்னா கூட உட்கார்ந்திருப்பாரு, உன்மேல கத்தவே மாட்டாரு. என்னைவிட நல்லாவே பாத்துக்குவாரு. பாத்துக்கட்டும். அதை மட்டும் வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லாத.

அப்பா